18446744073709551615-ஐ உடைத்துப் பார்த்தால்

சி++ மொழியில் நிரல் எழுதுகிறவர்கள் பலரும் ஒரு தடவையாவது இந்த எண்ணைத் திரையில் பார்த்திருப்பார்கள்: 18446744073709551615. ஒரு சொல்லுக்குள் ஏதோ ஒரு எழுத்தைத் தேடச் சொல்லியிருப்போம், அது அங்கே இருக்காது, 'கிடைக்கவில்லை' என்பதற்கு அடையாளமாகத் திரும்பி வரும் மதிப்பை அப்படியே அச்சிட்டால் இதுதான் வந்து நிற்கும். மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் கையேட்டில்கூட இது இருக்கிறது. 95 வரிசைகளைத் தாண்டி மிச்சம் எல்லாம் வேண்டுமென்றால் லிமிட் என்று போட்டு 95, அப்புறம் இந்த எண்ணை எழுதச் சொல்கிறார்கள், அதாவது 'எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும்' என்பதை இப்படிச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

64 பிட்டுகளையும் 1 ஆக்கினால் வருவது இது, 2⁶⁴ − 1. அவ்வளவுதான் பெரும்பாலானவர்களுக்கு இதைப் பற்றித் தெரிந்திருக்கும், கூடவே சதுரங்கக் கதையும். முதல் கட்டத்துக்கு ஒரு தானியம், அடுத்ததற்கு இரண்டு, அடுத்ததற்கு நான்கு என்று கேட்டு ராஜாவின் களஞ்சியத்தைக் காலி செய்த கதை, 64 கட்டத்தையும் கூட்டினால் இதே எண். கேரளத்தில் அம்பலப்புழையில் அதே கதை கிருஷ்ணனே கிழவர் வேஷத்தில் வந்து ஆடியதாகவும், அந்தக் கடனுக்குத்தான் அங்கே இன்றும் பால்பாயசம் கொடுப்பதாகவும் மாறியிருக்கிறது.

அளவு எவ்வளவு என்று கேட்டால், நம் கணக்கில் 1,84,467 கோடி கோடி. ஆயிரம் அரிசி சுமார் 20 கிராம் என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 37,000 கோடி டன், உலகம் முழுக்க இன்று விளைகிற அரிசியைச் சேர்த்தாலும் எழுநூறு வருடம் ஆகும். பிரெஞ்சுக் கணிதக்காரர் எதுவார் லூக்கா 1883-ல் ஹனோய் கோபுரம் என்ற விளையாட்டை விற்பனைக்கு விட்டபோது, காசியில் ஒரு கோவிலில் 64 தங்கத் தட்டுகள் இருப்பதாகவும் அவற்றை முழுக்க இடம் மாற்றி முடித்தால் உலகம் முடியும் என்றும் ஒரு கதை கட்டப்பட்டது. அதற்குத் தேவையான நகர்த்தல்களும் இதே எண்தான். விநாடிக்கு ஒரு தட்டு என்றால் 58,000 கோடி வருடத்துக்கு மேல். சரி, பெரிய எண்தான். ஆனால் என்னைக் கேட்டால், இந்த எண்ணிடம் இருக்கிற விஷயங்களிலேயே மிகவும் சப்பென்றிருப்பது அதன் அளவுதான். பெரியதாக இருப்பது ஒரு சாதனையே இல்லை, பின்னால் ஒரு பூஜ்யம் போட்டால் இன்னும் பெரியது கிடைத்துவிடும். அது எதனால் ஆனது என்று பார்க்கும்போதுதான் ருசி ஆரம்பிக்கிறது.

அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. உங்கள் உலாவியின் கன்சோலைத் திறந்து 18446744073709551615 என்று அடித்து என்டர் தட்டுங்கள். 18446744073709552000 என்று பதில் வரும். ஜாவாஸ்க்ரிப்டின் சாதாரண எண்களுக்கு 2⁵³ வரைதான் ஒவ்வொரு முழு எண்ணையும் துல்லியமாக வைத்துக்கொள்ள முடியும், அதற்கு மேலே போனால் பக்கத்து வீட்டு எண்ணும் இதுவும் ஒன்று என்று சொல்லிவிடும். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் அல்பிரூனி என்ற அறிஞர் இதே சதுரங்கக் கணக்கைப் போட்டு இருபது இலக்கங்களையும் பிசகாமல் எழுதி வைத்திருக்கிறார், நம் உலாவிக்கு அது வரவில்லை. (எண்ணுக்குப் பின்னால் பிக்இன்ட் என்ற பெரிய முழு எண் வகைக்கு உரிய எழுத்தைச் சேர்த்தால் வரும். ஆனாலும்.)

அல்பிரூனி 64 தடவை இரட்டிக்கவில்லை. திரும்பத் திரும்ப வர்க்கம் எடுத்தார். 2-ன் வர்க்கம் 4, 4-ன் வர்க்கம் 16, பிறகு 256, 65536, 4294967296, அதையும் வர்க்கம் எடுத்தால் 2⁶⁴. ஆறே பெருக்கல். கடைசியில் ஒன்றைக் கழித்தால் நம் எண்.

இந்த ஏணியின் ஒவ்வொரு படியிலும் ஒன்றைக் கழித்துப் பாருங்கள்: 1, 3, 15, 255, 65535, 4294967295, கடைசியாக 18446744073709551615. ஒரு வர்க்கத்திலிருந்து ஒன்றைக் கழித்தால் என்ன ஆகும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், (ஒன்று குறைந்தது) × (ஒன்று கூடியது). ஆகவே ஒவ்வொன்றும் தனக்கு முந்தையதை, அதைவிட இரண்டு அதிகமான எண்ணால் பெருக்கியதாகத்தான் இருக்கும். 1 × 3 = 3. 3 × 5 = 15. 15 × 17 = 255. 255 × 257 = 65535. 65535 × 65537 = 4294967295. கடைசிப் படி, 4294967295 × 4294967297.

இதை அவிழ்த்து ஒரே வரிசையாக எழுதினால்

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

இருபது இலக்க எண்ணை, கம்ப்யூட்டர் இல்லாமல், வகுத்துப் பார்க்காமல், ஆறு துண்டாக்கியாகிவிட்டது. முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவது? அங்கேதான் கதை.

பிரெஞ்சுக் கணிதக்காரர் பியேர் டி ஃபெர்மா 1640-ல் எழுதிய கடிதத்தில் இந்த வரிசை, அதாவது 3, 5, 17, 257, 65537, 4294967297 என்று இப்படியே போகும் எண்கள், எல்லாமே பகா எண்கள் என்று தான் நம்புவதாகச் சொன்னார். நிரூபணம் கையில் இல்லை என்றும் ஒப்புக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், ஆறாவது எண்ணை உடைக்கத் தேவையான கருவி அவருடைய பெயரிலேயே இருக்கிற தேற்றம்தான், அதை வைத்து 2³⁷ − 1-ஐ அவரே உடைத்திருக்கிறார். இங்கே மட்டும் ஏன் கைவைக்கவில்லை என்பது இன்றுவரை எனக்கு ஆச்சரியம்.

தொண்ணூறு வருடம் ஓடியது. 1729 டிசம்பரில் (ஆமாம், அந்த ராமானுஜன் எண்தான், தற்செயல், அதற்கு மேல் ஒன்றும் இல்லை) கோல்ட்பாக் என்ற கணிதக்காரர், இன்னொரு கணிதக்காரரான ஆய்லருக்கு எழுதிய கடிதத்தின் கடைசியில் பின்குறிப்பாக, ஃபெர்மா இப்படிச் சொல்லியிருக்கிறாரே, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். ஆய்லருக்கு அப்போது 22 வயது, ஆரம்பத்தில் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1732-ல் பதில் வந்தது: 4294967297 = 641 × 6700417.

இதைப் படிக்கும்போது அவர் உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் வகுத்துத் தள்ளியிருப்பார் என்றுதான் தோன்றும். அவ்வளவு வேண்டியதில்லை. ஒரு பகா எண்ணால் 2-ன் அடுக்குகளை வகுத்துக்கொண்டே போனால் மீதிகள் ஒரு சுற்றில் திரும்பத் திரும்ப வரும். 17-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1, 2, 4, 8, 16, அடுத்து 32, அதில் மீதி 15, அடுத்து 13, அடுத்து 9, அடுத்து மறுபடி 1. சுற்றின் நீளம் 8. 7-க்கு 1, 2, 4, மறுபடி 1, நீளம் 3. 64-ஐ 8 மிச்சமில்லாமல் வகுக்கும், அதனால் 2⁶⁴-ஐ 17-ஆல் வகுத்தால் மீதி 1, நம் எண் 17-ஆல் வகுபடும். 64-ஐ 3 வகுக்காது, எனவே 7 நம் எண்ணை ஒருபோதும் வகுக்காது. அதேபோல 11-ன் சுற்று 10, 13-ன் சுற்று 12, 31-ன் சுற்று 5, எல்லாம் வெளியே. சுற்றின் நீளம் 2, 4, 8, 16, 32, 64 என்று இரண்டின் அடுக்காக இருக்கிற பகா எண்களுக்கு மட்டும்தான் உள்ளே இடம்.

3-ன் சுற்று 2. 5-ன் சுற்று 4. 17-க்கு 8, 257-க்கு 16, 65537-க்கு 32. ஆறாவது எண் 2³² + 1, எனவே அதன் பகாக் காரணி எதுவாக இருந்தாலும் அதற்கு 2³² என்பது −1, 2⁶⁴-ல்தான் 1 வரும், அதாவது அதன் சுற்று சரியாக 64 ஆக இருந்தாக வேண்டும். ஃபெர்மாவின் தேற்றப்படி சுற்றின் நீளம் அந்தப் பகா எண்ணில் ஒன்று குறைந்ததை வகுக்கும், எனவே காரணி 64-ன் மடங்கோடு ஒன்று கூட்டியதாகத்தான் இருக்க முடியும். இதை ஆய்லர் பின்னால் ஒரு கட்டுரையில் நிறுவியும் காட்டினார். அப்படியானால் சோதிக்க வேண்டிய எண்கள்: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இதில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலிலேயே மாட்டிக்கொண்டது!

லூக்கா (அதே ஹனோய் கோபுரக்காரர்) பிறகு இதை இன்னும் இறுக்கி, 64 இல்லை, 128-ன் மடங்கோடு ஒன்று என்று காட்டினார். அப்படிப் பார்த்தால் 193, 449, 577 மூன்றும் போய்விடுகின்றன, 257-ம் 641-ம்தான் மிச்சம்.

641 வகுக்கிறது என்பதைப் பெரிய வகுத்தல் எதுவும் செய்யாமல் காட்டுகிற ஒரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. 641 என்பது 640 + 1, அதாவது 5 × 2⁷ + 1. அதே 641 என்பது 625 + 16-ம்கூட, அதாவது 5⁴ + 2⁴. முதலாவதைப் பிடித்துக்கொண்டால், 641-ன் கண்ணுக்கு, அதாவது 641-ஆல் வகுத்து மீதியை மட்டும் பார்த்தால், 5 × 2⁷ என்பது −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது 1. இரண்டாவதைப் பிடித்தால் 5⁴ என்பது −2⁴. அதை முன்னதில் போடுங்கள்: −2⁴ × 2²⁸ = 1, அதாவது −2³² = 1, அதாவது 2³² + 1 = 0. மீதி பூஜ்யம். முடிந்தது. ஒரே எண்ணை இரண்டு விதமாக எழுதினதில் ஃபெர்மாவின் நம்பிக்கை கவிழ்ந்தது.

மிச்சமான 6700417 பகா எண்ணா? அதன் வர்க்கமூலம் 2588 சொச்சம். அதற்குள் 128-ன் மடங்கோடு ஒன்று என்ற வடிவத்தில் இருக்கும் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409, இந்த ஐந்துதான். ஒரு தாளும் பென்சிலும் போதும், ஐந்திலும் மீதி வரும், பகா எண்தான்.

ஆக முழு உடைப்பு இது: 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417. ஏழு பகாக் காரணிகள், எதுவும் இரண்டு தடவை வரவில்லை. எனவே வகுக்கும் எண்கள் மொத்தம் 2⁷ = 128.

பக்கத்து அண்டை 2⁶³ − 1-ஐப் பாருங்கள், குறியுள்ள 64 பிட் எண்ணின் உச்சம், 9223372036854775807. அது 7² × 73 × 127 × 337 × 92737 × 649657. 63 என்பது 7 × 9 என்பதால் 7-ன் குடும்பம் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது, ஒன்று இரண்டு தடவை. ஒழுங்கும் இருக்கிறது, ஆனால் அந்த ஏணி இல்லை.

ஏணியின் கடைசிக்கு முந்தைய படியில், 4294967295-ல், கொஞ்சம் நின்றுவிட்டுப் போகலாம். 32 பிட் காலத்து உச்சம் அது. 1796 மார்ச் 30 அன்று, 19 வயது நிரம்ப ஒரு மாதம் பாக்கி இருந்த ஜெர்மன் கணிதக்காரர் காஸ், கவராயமும் கோடு போடும் மட்டமும் மட்டும் வைத்துக்கொண்டு 17 பக்க ஒழுங்குப் பலகோணம் வரைய முடியும் என்று கண்டுபிடித்தார். எந்தெந்தப் பலகோணம் வரைய முடியும் என்ற கேள்விக்கு விடை இதே ஃபெர்மா எண்கள்தான்: பக்க எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருக்க வேண்டும். தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் ஐந்தே ஐந்து, 3, 5, 17, 257, 65537. ஐந்தையும் பெருக்கினால் 4294967295. அப்படிக் கிடைக்கும் ஒற்றைப்படைப் பலகோணங்கள் 31, அதில் கடைசியானதுக்கு 429 கோடிக்கு மேல் பக்கங்கள். யோஹான் குஸ்டாவ் ஹெர்மஸ் என்ற ஜெர்மானியர் 65537 பக்கத்துக்கே பத்து வருடம் உழைத்து 1894-ல் ஒரு கையெழுத்துப் பிரதியை முடித்தார், அது கோட்டிங்கனில் இருக்கிறது. 429 கோடிக்கு யாரும் முன்வரவில்லை, நல்லவேளை.

இதையே பாஸ்கல் முக்கோணத்திலும் பார்க்கலாம். முக்கோணத்தில் ஒற்றைப்படை எண் இருக்கும் இடத்தில் 1, இரட்டைப்படை இருக்கும் இடத்தில் 0 என்று போடுங்கள்:

1
1 1
1 0 1
1 1 1 1
1 0 0 0 1
1 1 0 0 1 1

ஒவ்வொரு வரியையும் இரும எண்ணாகப் படித்தால் 1, 3, 5, 15, 17, 51. தொடர்ந்தால் 85, 255, 257. முதல் 32 வரிகளும் 4294967295-ஐ வகுக்கும் 32 எண்களை வரிசை தவறாமல், சிறியதிலிருந்து பெரியதாகக் கொடுக்கும், 1-ஐ விட்டால் காஸின் 31 பலகோணங்கள். 33-வது வரியில் 4294967297 வரும், அங்கே 641 நுழைந்துவிடுவதால் பலகோணக் கதை அறுந்துபோகிறது. முக்கோணம் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும், 64-வது வரியில் எல்லா இடத்திலும் 1, அறுபத்து நான்கு ஒன்றுகள், நம் எண். மூன்று நான்கு வெவ்வேறு விஷயங்கள் ஒரே எண்ணில் வந்து சேர்வதைப் பார்க்க வேண்டுமானால் இந்த முக்கோணத்தை ஒரு கட்டம் போட்ட நோட்டில் நிறம் தீட்டிப் பாருங்கள், பதினாறு வரி போதும்.

'சரி, இதனால் என்ன பிரயோஜனம்?' என்று கேட்கிறவர்களுக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். ஜார்ஜ் மார்சாக்லியா 2003-ல் எக்ஸார்ஷிஃப்ட் என்ற ரேண்டம் எண் முறையைக் கொடுத்தார். 64 பிட் எண் ஒன்றை எடுத்துக்கொள், இடப்பக்கம் கொஞ்சம் தள்ளு, அதோடு எக்ஸார் (பிட்டுக்குப் பிட்டு ஒப்பிட்டு, வேறுபட்டால் 1, ஒன்றாக இருந்தால் 0) போடு, வலப்பக்கம் கொஞ்சம் தள்ளு, எக்ஸார் போடு, மறுபடி இடப்பக்கம். மூன்றே வரி. பூஜ்யத்தில் ஆரம்பித்தால் பூஜ்யத்திலேயே கிடக்கும், வேறு எங்கிருந்து ஆரம்பித்தாலும் பூஜ்யம் தவிர்த்த எல்லா எண்களையும், மொத்தம் 2⁶⁴ − 1 எண்களை, தலா ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் ஆரம்பித்த இடத்துக்கு வரும். எத்தனை பிட் தள்ளுவது என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால்.

சரியாகத் தேர்ந்தெடுத்தோமா என்று எப்படித் தெரியும்? ஓட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது, விநாடிக்கு நூறு கோடி வீதம் ஓட்டினாலும் 584 வருடம். இங்கேதான் அந்த ஏழு பகா எண்கள் சம்பளம் வாங்குகின்றன. முதலில் இந்தச் செய்கையை 2⁶⁴ − 1 தடவை செய்தால் எல்லா எண்ணும் ஆரம்பித்த இடத்துக்கே வருகிறதா என்று பார்க்க வேண்டும். அல்பிரூனியின் வர்க்க ஏணிதான் மறுபடி, செய்கையை ஓர் அணியாக (மேட்ரிக்ஸாக) எழுதி அதைத் திரும்பத் திரும்ப வர்க்கம் எடுத்தால் போதும், கண்ணிமைக்கிற நேரம். வருகிறது என்றால் உண்மையான சுற்று அந்த எண்ணையோ அதை வகுக்கும் ஏதோ ஒன்றையோ கொண்டிருக்கும். சின்னதாக இருந்தால், அது 2⁶⁴ − 1-ஐ 3-ஆலோ 5-ஆலோ 17-ஆலோ, அந்த ஏழில் ஏதோ ஒன்றால் வகுத்ததை நிச்சயம் வகுக்க வேண்டும். எனவே ஏழே சோதனை. ஏழிலும் ஆரம்ப இடத்துக்குத் திரும்பவில்லை என்றால் சுற்று முழுசு. ஆய்லர் 1732-ல் 641-ஐப் பிடித்திருக்காவிட்டால் இந்தச் சோதனையை எழுதவே முடியாது, காரணிகள் தெரியாமல் இது நகராது. (வேறு யாராவது பிடித்திருப்பார்கள், அது வேறு.)

இன்றைக்கு க்ரோமில் மேத்.ரேண்டம் என்று கூப்பிட்டால் வேலை செய்வது இதே குடும்பத்தின் 128 பிட் வகை. அதன் சுற்று 2¹²⁸ − 1, அது நம் எண்ணை இரண்டு தள்ளி இருக்கும் எண்ணால், 18446744073709551617-ஆல், பெருக்கினால் வருவது. ஏணியின் அடுத்த படி. அதைச் சோதிக்க அந்த எண்ணின் காரணிகளும் வேண்டும். அதை 1880-ல் ஃபோர்துனே லாந்திரி என்ற பிரெஞ்சுக்காரர் 274177 × 67280421310721 என்று உடைத்து வெளியிட்டார், அப்போது அவர் எண்பதை எட்டியிருந்தார். அதற்கும் அடுத்த ஃபெர்மா எண், 2¹²⁸ + 1, 39 இலக்கம், அது 1970 வரை, கம்ப்யூட்டர் வந்து மாரிசனும் பிரில்ஹார்ட்டும் தொடர்பின்னங்களை வைத்து உடைக்கும் வரை, அசையவில்லை. 256 பிட் வகையைச் சோதிக்க அது வேண்டும்.